மண்டபத்துப் பாதப் பயிற்சி வகுப்பு: பெருவிரல் புடைப்பும் மூட்டுவலியும் உள்ளவர்களுக்கான ஒரு மதிப்புரை

இராமேசுவரத்துக்குப் போகும் வழியில் உள்ள கடற்கரை ஊரான மண்டபத்தில், ஒரு வீட்டின் மாடிக் கூடத்தில், கால் பெருவிரலின் அடிமூட்டில் புடைப்போ வலியோ உள்ளவர்களுக்கென்றே ஒரு யோகப் பயிற்சி வகுப்பு நடைபெறுகிறது. நடத்துபவர் இயன்முறை மருத்துவம் படித்து, யோகாசனமும் முறையாகக் கற்ற ஓர் அம்மையார். விளம்பரத்தை அவர் விரும்புவதில்லை என்பதால் பெயரையும் முகவரியையும் இங்கே தரவில்லை; மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் விசாரித்தாலே வழி சொல்லிவிடுவார்கள். நான் நாள் முழுதும் நின்றே பாடம் நடத்தும் ஆசிரியை. இரண்டு பாதங்களிலும் பெருவிரல் சாய்ந்து, மாலையில் செருப்பைக் கழற்றும்போது மூட்டு விண்விண்ணென்று தெறிக்கும் நிலையில் அங்கே சேர்ந்தேன், இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த வலியைப் பொறுத்துக்கொண்டு காலம் தள்ளும் பெண்கள் நம் கடற்கரை ஊர்களில் மிகுதி என்பதால், கண்டதை விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வகுப்பின் முதல் சிறப்பு, அங்கே சொல்லப்படும் முதல் வாக்கியம்தான்: சாய்ந்த எலும்பைப் பயிற்சியால் நிமிர்த்த முடியாது. வளர்ந்தவர்களுக்கு எந்த ஆசனமும், எந்தப் பட்டையும், எந்த எண்ணெயும் அதைச் செய்வதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு கடையில், இரவில் கட்டிக்கொண்டு படுத்தால் விரல் நேராகிவிடும் என்று உறுதி சொல்லி என்னிடம் ஒரு பட்டையை விற்றார்கள். கட்டியிருக்கும் வரை விரல் நேராக இருந்தது, அவிழ்த்ததும் பழைய இடத்துக்கே போனது. அப்படிப்பட்ட வாக்குறுதிகளைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு, முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்லும் ஓர் இடம் கிடைப்பது பெரிய ஆறுதல்.

அந்தப் புடைப்பு என்னவென்பதையும் அம்மையார் ஒரு பாத எலும்பு மாதிரியை வைத்துக் காட்டுகிறார். எலும்பு புதிதாக வளர்ந்து வெளியே வருகிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீண்ட எலும்பு மற்ற எலும்புகளைவிட்டு விலகி உட்பக்கமாக நகர்கிறது. பெருவிரலோ எதிர்த்திசையில், இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் சேரும் மூட்டின் முனைதான் வெளியே துருத்திக்கொண்டு, செருப்பின் வாரில் உரசிச் சிவந்து வீங்குகிறது. மருத்துவர்கள் இதை ஹாலக்ஸ் வால்கஸ் என்கிறார்கள். நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரேயில் விரலின் சாய்வு 15 பாகைக்கு மேல் இருந்தால் இந்தக் குறை உண்டு என்றும், 40 பாகையைத் தாண்டினால் கடுமையானது என்றும் கணக்கிடுகிறார்கள். படுக்கவைத்து எடுத்த படத்தில் உடல் எடை பாதத்தில் இறங்காததால் சாய்வு குறைவாகத் தெரியும். எனவே எக்ஸ்ரே எடுக்கப் போகிறவர்கள் நின்ற நிலையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுப் பெற வேண்டும். பரம்பரையாகப் பாத அமைப்பில் வரும் போக்கு இதற்கு ஒரு முக்கியக் காரணம்; முன்பக்கம் குறுகிய காலணிகள் அதை மோசமாக்குகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு மிகுதியாக வருகிறது. என் தாயாருக்கும் அவருடைய அக்காவுக்கும் இதே விரல்கள்தான்.

சேர்க்கை நாளில் யாரையும் உடனே பாயில் உட்காரவைப்பதில்லை. முக்காலியில் அமர்த்தி, பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெருவிரலை மேல்நோக்கி எவ்வளவு வளைக்க முடிகிறது என்று உட்கார்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் பார்க்கிறார். இந்தச் சோதனையை நான் இவ்வளவு உயர்வாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெருவிரல் மூட்டில் வலிக்கிறது என்று வருபவர்கள் எல்லோருக்கும் நோய் ஒன்றல்ல. சிலருக்கு விரல் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், ஆனால் மேலும் கீழும் தாராளமாக மடங்கும். சிலருக்கு விரல் நேராகவே இருக்கும், ஆனால் மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து, மேற்புறத்தில் சிறு எலும்புமுனை எழும்பி, விரல் மேல்நோக்கி மடங்காமல் இறுகிவிடும். இதற்கு ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்று பெயர். முதல் வகையினருக்கு நன்மை செய்யும் பயிற்சி இரண்டாம் வகையினரின் மூட்டை நசுக்கிவிடக்கூடும். காலணி விஷயத்திலும் அப்படியே. சாய்ந்த விரலுக்கு முன்பக்கம் அகன்ற, மென்மையான செருப்பு வேண்டும். இறுகிய மூட்டுக்கோ எளிதில் வளையாத, கெட்டியான அடிப்பாகம் வேண்டும். இரண்டாய் மடியும் தேய்ந்த ரப்பர் செருப்போடு காலம் கழிக்கும் ஒருவருக்கு இறுகிய மூட்டு இருந்தால், ஒவ்வோர் அடியிலும் அந்த மூட்டு வளைந்து வலிக்கும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அவர்களை அம்மையார் வகுப்பில் சேர்ப்பதே இல்லை. நள்ளிரவில் திடீரென்று மூட்டு சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலும் தாங்காத வலி வந்தவர்களிடம் பயிற்சியைப் பற்றிப் பேசாமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார். அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்னும் மூட்டுவாதமாக இருக்கலாம். கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். சூடையும் நெத்திலியும் அன்றாட உணவாக இருக்கும் நம் கரையில் இது கவனிக்க வேண்டிய செய்தி, ஏனெனில் யூரிக் அமிலத்தைக் கூட்டும் பொருள் அந்த மீன்களில் மிகுதி. வலி உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவில் காட்டக்கூடும் என்பதால், வலி தணிந்த பின் மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லும் மருத்துவரின் பேச்சைத் தட்டக் கூடாது. இராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால், இதற்காக மதுரைக்குப் பேருந்து ஏற வேண்டிய நிலையும் இல்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனிக் கவனம் கிடைக்கிறது. மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் ஊன்றி, கண்ணை மூடியிருப்பவரிடம் உணர்கிறதா என்று கேட்கிறார். உணர்ச்சி குறைந்த பாதம் என்று தெரிந்தால், உருண்டையை மிதித்து உருட்டும் பயிற்சியும் வெந்நீர் ஒத்தடமும் அவருக்குக் கிடையாது. சுடுநீரோ கூர்முனையோ பட்டாலும் தெரியாத பாதத்தில் புண் வந்தால் அது ஆற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது அத்தகைய நோயாளி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும்.

இனி பயிற்சிகள். தரையில் கால்களை நீட்டி அமர்ந்து, பீகார் யோக மரபில் பவனமுக்தாசன வரிசையின் தொடக்கமாக வரும் பாதாங்குலி நமன், கூல்ஃப் நமன், கூல்ஃப் சக்கரம் ஆகியவற்றோடு வகுப்பு தொடங்குகிறது. விரல்களை மட்டும் மடக்கி நீட்டுவது, கணுக்காலை மடக்கி நீட்டுவது, கணுக்காலைச் சுழற்றுவது என்பவையே இவை. எளிமையாகத் தோன்றும், ஆனால் கணுக்கால் அசையாமல் விரல்களை மட்டும் அசைக்கச் சொன்னபோது கூடத்தில் பாதிப் பேருக்கு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதன் பின் கால் பெருவிரலைக் கைவிரல்களால் பற்றி, மூட்டிலிருந்து மெதுவாக முன்னோக்கி இழுத்துப் பிடித்து, இழுத்த நிலையிலேயே சிறிது மேலும் கீழும் அசைக்கக் கற்றுத் தருகிறார். இறுகிய மூட்டு உள்ளவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய சுகம் தருவதைக் கண்டேன்.

அடுத்து வருபவை பாதத்தின் உள்ளிருக்கும் சிறு தசைகளுக்கானவை. நான்கு விரல்களைத் தரையில் அழுத்தி வைத்துப் பெருவிரலை மட்டும் தூக்குவது. பின் பெருவிரலை அழுத்தி மற்ற நான்கைத் தூக்குவது. எல்லா விரல்களையும் தூக்கி, விசிறி விரித்து, அகன்ற நிலையிலேயே ஒவ்வொன்றாகத் தரையில் இறக்குவது. இவற்றுள் விரல்களை விரிக்கும் பயிற்சிதான் புடைப்பு உள்ளவர்களுக்கு முதன்மையானது. பெருவிரலை மற்ற விரல்களிலிருந்து விலக்கி வெளியே இழுக்கும் தசை பாதத்தின் உள்விளிம்பில் ஓடுகிறது. இரண்டாம் விரலை நோக்கி உள்ளே இழுக்கும் தசை அடிப்பாதத்தில் குறுக்கே இருக்கிறது. விரல் சாயச் சாய வெளியே இழுக்கும் தசை இருக்குமிடம் மாறி வலுவிழக்க, உள்ளே இழுக்கும் தசையின் கை ஓங்குகிறது. தொடக்கத்தில் என் பெருவிரல் அசையவே இல்லை. அம்மையார் தசை இருக்கும் இடத்தைத் தன் விரலால் தொட்டுக் காட்டி, மற்றொரு கையால் விரலை விரித்துப் பிடித்து, "இப்ப நீங்க பிடிச்சு வைங்க டீச்சர்" என்று விட்டபோதுதான் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. காணொளி பார்த்துச் செய்பவர்களுக்குக் கிட்டாத உதவி இது.

இதைவிட எனக்கு வியப்பளித்தது கெண்டைக்காலுக்கு அவர் தரும் முக்கியத்துவம். சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் 30 வினாடி நிற்க வேண்டும். முதலில் முழங்காலை நீட்டி, பின் சற்று மடக்கி. விரல் வலிக்கு வந்தவர்களைக் கெண்டைக்கால் நீட்சி செய்யச் சொல்வதன் காரணத்தை அவர் விளக்கினார்: கெண்டைக்கால் இறுகியிருந்தால் கணுக்கால் போதிய அளவு மடங்காது, குதிகால் சீக்கிரமே தரையைவிட்டு எழும், உடலின் எடை முழுதும் பெருவிரல் மூட்டில் முன்கூட்டியே வந்து விழும். கரையில் குத்தவைத்து மீன் தரம் பிரிக்கும், கருவாடு காயவைக்கும் பெண்களிடம் இதை நேரில் காணலாம். குதிகால் தரையில் பதியக் குந்துபவர்களுக்கு எடை பாதம் முழுதும் பரவுகிறது. குதிகாலைத் தூக்கிக் குந்துபவர்களுக்கு அது விரல் மூட்டுகளில் மணிக்கணக்கில் நிற்கிறது. அவர்களுக்கு, குந்தி அமரும் மாலாசனத்தைக் குதிகாலுக்கு அடியில் மடித்த சாக்கு வைத்துச் சொல்லிக்கொடுத்து, வேலையிடத்திலும் அப்படியே சாக்கு வைத்து உட்காரச் சொல்கிறார். ஆசனம் பிழைப்போடு சேர்வது இப்படித்தான்.

நின்று செய்யும் ஆசனங்களில், நிமிர்ந்து நேராக நிற்கும் தாடாசனத்துக்கு நீண்ட நேரம் ஒதுக்கப்படுகிறது. பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் ஆகிய மூன்று இடங்களிலும் எடை சமமாக இறங்க வேண்டும். பின் பெருவிரல்களை மட்டும் தூக்கினால் பாதத்தின் உள்வளைவு தானே எழுவதைக் காணலாம். கரையில் படகை இழுக்கும் கயிறு உருளையில் சுற்றச் சுற்றப் படகு மேலேறுவதைப் போல, பெருவிரல் மேலே மடங்கும்போது உள்ளங்காலின் தசைநார்ப் பட்டை மூட்டைச் சுற்றி இறுகி வளைவைத் தூக்குகிறது. ஹிக்ஸ் என்னும் ஆய்வாளர் 1954இல் விவரித்த இந்த இயக்கம் நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் நிகழ்கிறது என்பதும், பெருவிரல் மூட்டு கெட்டால் முழங்கால், இடுப்பு வரை நடை மாறுவதன் காரணம் இது என்பதும் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டவை. ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் சுவரோரமாகவும், முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் வீரபத்ராசனம் பின்காலின் குதிகாலைச் சுவரில் பதித்தும் செய்விக்கப்படுகின்றன. கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தில் குதிகாலுக்குக் கட்டை வைத்துக்கொள்ளலாம்.

குறை என்று நான் சொல்ல வேண்டியது இங்கேதான் வருகிறது. விரல்களை உள்ளே மடக்கி ஊன்றி, முழங்காலிட்டுக் குதிகால்மேல் அமரும் ஆசனம் ஒன்று உண்டு. சாய்ந்த விரல் உள்ளவர்களுக்கு, கையை முன்னே ஊன்றி எடையைக் குறைத்துக்கொண்டு செய்தால், அது அடிப்பாதத்தை நன்றாக இளக்குகிறது. இறுகிய மூட்டு உள்ளவர்களுக்கு அது ஆகாது. அம்மையார் இருக்கும் நாட்களில் அவர்களைப் பிரித்து வேறு பயிற்சி தருகிறார். அவர் இல்லாத நாட்களில் வகுப்பெடுக்கும் உதவியாளர் எல்லோரையும் ஒரே வரிசையில் அமர்த்தி, "வலி போகப் போக விட்டுடும்" என்கிறார். மூட்டின் மேற்புறத்தில் எலும்பு எலும்போடு இடிப்பதால் வரும் வலி, நீட்சியால் வரும் இழுப்பு அன்று. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது தவறு. பயிற்சிக்குப் பின் மறுநாள் காலையிலும் மூட்டு வீங்கியிருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள் என அம்மையாரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டும்படி நான் கேட்டுக்கொண்டேன். செய்வார்கள் என்று நம்புகிறேன். அதுவரை, உங்களுடையது எந்த வகை மூட்டு என்று தெரிந்துகொண்டு, உங்களுக்கு ஆகாததை நீங்களே மறுத்துவிடுங்கள்.

இந்த ஆசனத்தைப் பற்றிக் கீழக்கரையிலிருந்து வரும் சகோதரி ஒருவர் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்யும்போதும், அத்தஹிய்யாத் ஓதுவதற்கான இருப்பில் வலது பாதத்தை நட்டு வைத்து அமரும்போதும் விரல்கள் மடங்கி முன்னோக்கி ஊன்ற வேண்டும். இறுகிய மூட்டால் அது முடியாமல், நாற்காலியில் அமர்ந்தே தொழுதுவந்தவர் அவர். கட்டாயமாக மடக்காமல், இழுத்துவிடும் பயிற்சியும் கெண்டைக்கால் நீட்சியும் செய்து, விரலடியில் மடித்த துணி வைத்துக்கொண்டு, இப்போது ஸஜ்தாவுக்குத் தரையில் இறங்குகிறார். இருப்பு இன்னும் முழுமையாக வரவில்லை. வராமலும் போகலாம் என்று அம்மையார் அவரிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

விரல்களுக்கு இடையே வைக்கும் சிலிகான் இடைவெளிப் பட்டைகள் அங்கேயே கிடைக்கின்றன. வாங்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை. அணிந்திருக்கும்போது உரசலும் வலியும் குறைகின்றன என்பது என் அனுபவம். ஆனால் ஒரே அளவில்தான் வைத்திருக்கிறார்கள், என் சிறிய பாதத்துக்கு அது இரண்டாம் விரலையும் சேர்த்துத் தள்ளுகிறது. நம் ஊர் வெக்கையிலும் உப்புக் காற்றிலும் விரலிடுக்கு வியர்த்து ஊறிச் சேற்றுப்புண் வருவதும் உண்டு. பருத்தித் துணியைச் சிறு சுருளாக்கி வைத்துக்கொள்வதே நமக்கு ஏற்றதென்று நான் கருதுகிறேன். மெட்டி அணிந்தவர்கள் பயிற்சி நேரத்திலாவது கழற்றினால் விரல்கள் அசைய இடம் கிடைக்கும். கழற்ற மனம் வராதவர்களை அங்கே யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, மெட்டிக்கு மேலேயே துணி சுற்றித் தருகிறார்கள்.

சனிக்கிழமைகளில் விடியற்காலையில் கடற்கரை நடை உண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பார்த்து, பாக் விரிகுடாவான வடகடல் அமைதியாக இருந்தால் அங்கும், மன்னார் வளைகுடாவான தென்கடல் அமைதியாக இருந்தால் அங்கும் அழைத்துச் செல்கிறார். அலை வந்து போன ஈரமான கெட்டி மணலில் மட்டும் நடக்க வேண்டும் என்பது விதி. காய்ந்த பொடிமணலில் குதிகால் புதைந்து, உந்தி எழும்போது பெருவிரல் மிகையாக மடங்குவதால் இறுகிய மூட்டுக்கு அது கேடு. கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போன தூரமே திரும்பியும் நடக்க வேண்டும். இல்லையெனில் ஒரு காலுக்கே சுமை ஏறும். சர்க்கரை நோயாளிகள் செருப்பில்லாமல் வரக் கூடாது. கிளிஞ்சல் முனையும் பாட்டில் சில்லும் நம் கரைகளில் இல்லாத இடமில்லை. வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

என் பாதத்தில் என்ன மாறியது என்று கேட்பவர்களுக்கு: புடைப்பு அதே அளவில் இருக்கிறது, விரலின் சாய்வும் அப்படியே இருக்கிறது. மாலை வலி வெகுவாகத் தணிந்துவிட்டது. பெருவிரலை என் விருப்பப்படி விரிக்க முடிகிறது. இராமேசுவரம் கோயிலின் ஈரமான கல்தளத்தில் 22 தீர்த்தங்களையும் யார் தோளையும் பிடிக்காமல் சுற்றி வந்தேன். சாய்வு மிகுந்து இரண்டாம் விரல் மேலே ஏறிக்கொண்டவர்களுக்கும், ஓய்விலும் வலி விடாதவர்களுக்கும் இந்த அளவு பயன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் எலும்பு மருத்துவரிடம் அறுவை சிகிச்சை பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை. எலும்பை வெட்டி இடம் மாற்றிப் பொருத்தும் சிகிச்சை அது. எலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் போலவும், வீக்கம் முழுதும் வடிய மாதக்கணக்கிலும் ஆகும் என்பதைக் கணக்கில் வைத்து வேலைக்கு விடுப்புத் திட்டமிட வேண்டும்.

கட்டணம் மாதத்துக்கு 600 ரூபாய், கடலில் பாசி எடுக்கும் பெண்களுக்குப் பாதி. பாறைமேலும் பவளத்திட்டிலும் ரப்பர் செருப்போடு கால் ஊன்றி நிற்பவர்களின் பாதங்கள்தான் இந்தக் கரையிலேயே அதிகம் உழைத்த பாதங்கள். அவர்களுக்காகக் கட்டணத்தைக் குறைத்தது நல்ல மனம். ஆனால் வகுப்பு காலை ஆறரைக்குத் தொடங்குகிறது, அவர்கள் பலரும் கடலில் இறங்கும் நேரம் அது. மாலையில் ஒரு வகுப்பு வைத்தாலொழிய அந்தச் சலுகையால் பயன் பெறுபவர்கள் சிலராகவே இருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்களும் வருவதால் கூடத்தில் இடம் நெருக்கடியாகிவிடுகிறது. புதிதாகச் சேர நினைப்பவர்கள் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, ஒரு பக்கம் மட்டுமே கைப்பிடி உண்டு. கூடத்தின் தரை பளபளக்கும் டைல்ஸ் என்பதால் நழுவாத விரிப்பைச் சொந்தமாகக் கொண்டு செல்லுங்கள். நீங்கள் அன்றாடம் போடும் பழைய செருப்பையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்றுதான் அம்மையார் முதலில் பார்ப்பார்.